கடற்படையில் ஆளைக் குறைத்தால் நம் வரி குறையுமா? – காரைக்குடி விவாதத்துக்கு முன் வந்த கேள்விகளும் பதில்களும்

எங்கள் படிப்பகத்தில் இந்த முறை எடுத்துக்கொண்ட தலைப்பு, ‘வரிச்சுமையைக் குறைக்கக் கடற்படையின் ஆள்பலத்தைக் குறைக்கலாம்’ என்பது. ஒட்டிப் பேச ஓர் அணி, வெட்டிப் பேச ஓர் அணி, இரண்டிலும் கல்லூரி மாணவர்கள். தலைப்பை அறிவித்த நாளிலிருந்து கடைத்தெருவிலும் கோயில் வாசலிலும் நிறுத்திவைத்துக் கேள்வி கேட்கிறார்கள். நடுவராக உட்காரப்போகிறவன் என்பதால் பதில்களை ஓரிடத்தில் எழுதிவைக்கிறேன். பேசுகிறவர்களுக்கும் கேட்க வருகிறவர்களுக்கும் இது பொது. வணிகவியல் ஆசிரியனாக இருந்தவன்; கணக்கில் தொடங்குவது பழக்கம். என் சாய்வும் ஆங்காங்கே தெரியும், மறைக்கவில்லை.

கடலே இல்லாத ஊரில் கடற்படையைப் பற்றி எதற்கு விவாதம்?

கடல் இல்லாத ஊர்தான். ஆனால் கடல் கட்டிக்கொடுத்த ஊர். பர்மாத் தேக்குத் தூண், இத்தாலியப் பளிங்கு, பெல்ஜியம் கண்ணாடி எதுவும் மாட்டுவண்டியில் மட்டும் வந்துவிடவில்லை. 1930ஆம் ஆண்டுக் கணக்கில், பர்மாவில் மட்டும் செட்டியார்கள் போட்டிருந்த பணம் சுமார் 75 கோடி ரூபாய் என்று அங்கே அமைத்த வங்கி விசாரணைக் குழு மதிப்பிட்டது. அந்தப் பணமும் அதன் பின்னால் போன ஆட்களும் வங்காள விரிகுடாவைக் கடந்தாக வேண்டும். சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ஓடிய ‘ராஜுலா’ கப்பலின் பெயர் இன்றைக்கும் பல வீடுகளில் அடிபடுகிறது. 1926 முதல் 1973 வரை ஓடிய கப்பல் அது. கடல் யார் காவலில் இருக்கிறது, அதற்கு யார் காசு கொடுக்கிறார்கள் என்ற கேள்வி நமக்குப் புதிதல்ல. அப்போது அந்தக் கேள்விக்கு லண்டனில் பதில் சொன்னார்கள், அவ்வளவுதான்.

கடற்படைக்கு உண்மையில் எவ்வளவு செலவாகிறது?

2024–25 மத்திய பட்ஜெட்டை எடுத்துக்கொள்வோம். மொத்தச் செலவு சுமார் 48.2 லட்சம் கோடி ரூபாய். அதில் பாதுகாப்புத் துறைக்குச் சுமார் 6.22 லட்சம் கோடி, அதாவது நூற்றுக்கு ஏறக்குறைய 13 ரூபாய். இந்த 13 ரூபாயைக் காட்டித்தான் ஒட்டி அணி பேசத் தொடங்கும். முழுவதும் கடற்படைக்குப் போவதுபோலப் பேசினால் உடனே நிறுத்துவேன்.

கடற்படையின் பங்கு இரண்டு கணக்கில் வருகிறது. கப்பல், விமானம், ஆயுதம் வாங்குகிற மூலதனக் கணக்கில் சுமார் 62,500 கோடி. சம்பளம், எரிபொருள், பழுதுபார்ப்பு, சாப்பாடு எல்லாம் அடங்கிய வருவாய்க் கணக்கில் சுமார் 33,000 கோடி. இரண்டையும் கூட்டினால் 95,000 கோடியை ஒட்டி வரும். மத்திய அரசு செலவழிக்கும் நூறு ரூபாயில் இரண்டு ரூபாய். ஓய்வூதியம் இதில் சேரவில்லை. அதற்குத் தனித் தலைப்பு இருக்கிறது, பிறகு வருகிறேன். அதே பட்ஜெட்டில் வாங்கிய கடனுக்கு வட்டி மட்டும் 11.6 லட்சம் கோடி. வட்டிக்குப் பணம் கொடுத்துப் பழகிய ஊருக்கு அந்த எண்ணை விளக்க வேண்டியதில்லை.

கவனிக்க வேண்டியது இந்த இரு கணக்குகளுக்கும் இடையே உள்ள விகிதம். தரைப்படையில் வருவாய்ச் செலவு சுமார் 1.9 லட்சம் கோடி. அங்கே செலவே ஆள்தான். கடற்படையில் தலைகீழ். கப்பலுக்கு ஆகிற பணம் ஆளுக்கும் எண்ணெய்க்கும் சேர்த்து ஆகிறதைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. ஆளைக் குறைத்து மிச்சம் பிடிப்பதற்கு முப்படைகளில் ஏற்ற இடம் கடற்படை இல்லை என்பது இந்த ஒரு வரியிலேயே தெரிந்துவிடுகிறது. தலைப்பு வைத்தவர்கள் இதைப் பார்த்துவிட்டு வைத்திருக்கலாம்.

சரி, பத்தில் ஒருவரைக் குறைத்தால் எனக்கு எவ்வளவு மிஞ்சும்?

ஒட்டி அணிக்குச் சாதகமாகவே கணக்கிடுவோம். 33,000 கோடி முழுவதும் ஆட்களுக்கே போகிறது என்று வைத்துக்கொள்வோம். உண்மையில் அப்படி இல்லை. அதில் பத்தில் ஒரு பங்கு 3,300 கோடி. நாட்டில் 140 கோடிப் பேர் என்று வைத்தால் ஆளுக்கு ஆண்டுக்கு 23, 24 ரூபாய். மாதத்துக்கு இரண்டு ரூபாய். வருமான வரி கட்டுகிறவர்களுக்கு மட்டும் பிரித்தால் கொஞ்சம் கூடும், ஆனால் 2024–25இல் தனிநபர் வருமான வரியாக எதிர்பார்த்த தொகை 11.87 லட்சம் கோடி. 3,300 கோடி அதில் நூற்றுக்கு 30 பைசாகூட இல்லை.

இன்னொரு பக்கமும் பாருங்கள். 2025 பிப்ரவரி 1 பட்ஜெட்டில் ஆண்டுக்கு 12 லட்சம் ரூபாய் வரை வருமானம் உள்ளவர்களுக்கு வருமான வரி இல்லை என்று நிர்மலா சீதாராமன் அறிவித்தார். அதனால் அரசு இழக்கும் நேரடி வரி சுமார் ஒரு லட்சம் கோடி என்றார். முந்தைய ஆண்டு கடற்படைக்கு ஒதுக்கிய மொத்தத்தையும்விட அது அதிகம். கடற்படையில் ஒரு சமையல்காரரைக்கூட வீட்டுக்கு அனுப்பாமல் அந்தச் சலுகை வந்தது. வரியைக் குறைக்க வேண்டும் என்று முடிவெடுத்தால் அரசு குறைத்துவிடுகிறது. அதற்கு அது மாலுமிகளின் தலையை எண்ணிக்கொண்டிருப்பதில்லை.

மிச்சமாகும் பணம் வரிக்குறைப்பாக வரும் என்று உத்தரவாதம் உண்டா?

இல்லை. வரி எல்லாம் இந்தியத் தொகுப்பு நிதியில் விழுகிறது. அங்கே மிச்சமாகும் 3,300 கோடி, முதலில் அரசு வாங்கும் கடனைக் கொஞ்சம் குறைக்கும். 2024–25இல் நிதிப் பற்றாக்குறை 16 லட்சம் கோடிக்கு மேல். அந்தக் குளத்தில் இந்தக் குடம் எங்கே போயிற்று என்று தேட வேண்டியிருக்கும்.

எங்கள் வளவு வீட்டுக்குச் சொத்துவரி எக்கச்சக்கமாக ஏறிவிட்டது. அது குறையுமா?

இதைக் கேட்டவர் ஒருவரல்ல. தெருவுக்குத் தெரு ஆள் இல்லாத பெரிய வீடு, ஒரு வீட்டுக்குப் பத்துப் பங்காளி, வரி கட்டுகிறவர் ஒருவர் என்ற நிலையில் இந்தக் கேள்வி வரத்தான் செய்யும். பதில்: ஒரு பைசாகூடக் குறையாது. சொத்துவரி உள்ளாட்சிக்குப் போகிறது. 2022இல் தமிழ்நாடு முழுவதும் அதை ஏற்றியது மாநில அரசு. காரைக்குடி 2024இல் மாநகராட்சி ஆனதற்கும் இந்தியக் கடற்படைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. பெட்ரோலில் மாநில அரசு வாங்கும் விற்பனை வரியும் அப்படியே. மத்திய அரசு வசூலிக்கும் வருமான வரி, சுங்க வரி, கலால் வரி, சரக்கு–சேவை வரியில் அதன் பங்கு இவைதான் இந்த விவாதத்துக்கு உட்பட்டவை. சொத்துவரியைக் கொண்டுவந்து கைதட்டல் வாங்கப் பார்க்கிறவருக்கு மதிப்பெண் குறையும்.

ஆளைக் குறைத்து வரியைக் குறைத்த நாடு எதுவும் உண்டா?

உண்டு. இந்த விவாதத்தின் சுவையான பகுதியே இதுதான். இரு அணிகளும் இங்கேதான் நன்றாகப் படித்துக்கொண்டு வர வேண்டும்.

நெப்போலியன் போர் உச்சத்தில் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் கடற்படைக்கு அனுமதித்த ஆள்பலம் 1,45,000. போர் முடிந்து 1817இல் அது 19,000. ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு. இடையில் நடந்ததைப் பாருங்கள். 1816 மார்ச்சில் அரசு வருமான வரியைத் தொடர விரும்பியது. மக்களவை 238க்கு 201 என்று தோற்கடித்தது. வரி முதலில் போயிற்று, அதன் பிறகே படையை இன்னும் சுருக்க வேண்டியதாயிற்று. ஆள்குறைப்பு வரிக்குறைப்பைக் கொண்டுவரவில்லை. வரிக்குறைப்புத்தான் ஆள்குறைப்பை இழுத்துக்கொண்டு வந்தது.

யாருடைய சுமை குறைந்தது? வருமான வரி கட்டியவர் வசதி படைத்தவர். உப்பு, சோப்பு, மெழுகுவத்தி மீதான வரிகள் தொடர்ந்தன. உப்பு வரி போவதற்கு 1825 ஆயிற்று. போர்க்கடனுக்கு வட்டி வாங்கியவர்களும் அதே வசதி படைத்தவர்கள். கப்பலிலிருந்து இறக்கிவிட்ட மாலுமியோ லண்டன் தெருவில் பிச்சையெடுத்தான். அவர்களுக்குக் கஞ்சி ஊற்ற 1818இல் தனியாக உதவிக் குழு அமைக்கும் நிலை வந்தது.

அந்த நாடாளுமன்றத்தில் கடற்படை மதிப்பீடு வரும்போதெல்லாம் எழுந்து நின்று ஆளைக் குறையுங்கள் என்று தீர்மானம் கொண்டுவந்தவர் ஜோசப் ஹியூம். கிழக்கிந்தியக் கம்பெனியில் மருத்துவராக வந்து பொருள் சேர்த்துக்கொண்டு திரும்பியவர். ஒவ்வோர் இனமாக எடுத்து, இது எதற்கு, இது எதற்கு என்று கேட்டு அமைச்சர்களின் பொறுமையைச் சோதித்த மனிதர். அவர் மகன்தான் 1885இல் காங்கிரஸ் உருவாக முன்நின்ற ஆலன் ஆக்டேவியன் ஹியூம். ஒட்டி அணி தன் முன்னோடி யார் என்று கேட்டால் தயங்காமல் இவரைச் சொல்லலாம். எனக்கு அவர்மேல் மரியாதை உண்டு. கணக்கைக் கேட்கிறவன் எந்தச் சபைக்கும் வேண்டும்.

ஒட்டி அணிக்கு இதைவிட நல்ல சான்று 1922. முதல் உலகப் போருக்குப் பின் வரி தாங்காமல் பிரிட்டனில் கூச்சல் எழுந்தது. எரிக் கெடஸ் தலைமையில் ஒரு குழு அமைத்தார்கள். கடற்படையில் 35,000 பேரையும் தரைப்படையில் 50,000 பேரையும் குறைக்கச் சொன்னது குழு. எல்லாவற்றையும் அரசு ஏற்கவில்லை; ஆனாலும் அந்த ஆண்டு வருமான வரி பவுனுக்கு 6 ஷில்லிங்கிலிருந்து 5 ஷில்லிங்காக இறங்கியது. வெட்டி அணி இதை மறுக்கக் கூடாது. கல்வியிலும் வீட்டு வசதியிலும் சேர்த்தே வெட்டினார்கள் என்றும், அதே ஆண்டு வாஷிங்டன் ஒப்பந்தத்தால் வல்லரசுகள் எல்லாமே போர்க்கப்பல்களைக் குறைக்க ஒப்புக்கொண்டன என்றும் பதில் சொல்லலாம். எதிராளியும் குறைக்கிறான் என்று தெரிந்த பிறகு குறைப்பது வேறு.

இந்தியாவுக்கும் அந்த அலை வந்தது. 1922–23இல் இன்ச்கேப் பிரபு தலைமையில் சிக்கனக் குழு. இன்ச்கேப் யார் தெரியுமா? நம் பாட்டன்மார் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் ஏறிப்போன பிரிட்டிஷ் இந்தியா கப்பல் கம்பெனியின் தலைவர். ராணுவச் செலவு உட்பட எல்லாவற்றையும் வெட்டச் சொல்லி அவர் அறிக்கை கொடுத்தார். சிக்கனம் வந்தது, வரியும் குறைந்திருக்கும் என்றுதானே நினைப்பீர்கள்? அதே 1923இல் உப்பு வரியை மணங்குக்கு ஒன்றேகால் ரூபாயிலிருந்து இரண்டரை ரூபாயாக, அப்படியே இரட்டிப்பாக்கினார்கள். சட்டசபை வேண்டாம் என்றது. வைஸ்ராய் ரீடிங் தம் சிறப்பு அதிகாரத்தால் திணித்தார். அடுத்த ஆண்டு திரும்பப் பெற்றார்கள் என்பது வேறு விஷயம். படையில் வெட்டியதும் உப்பில் ஏற்றியதும் ஒரே ஆண்டு, ஒரே அரசு.

ஆளை வைத்துக்கொண்டு சம்பளத்தைக் குறைத்தால்?

பிரிட்டன் அதையும் செய்து பார்த்தது. 1931 செப்டம்பரில் பொதுச் சிக்கனம் என்று எல்லா அரசு ஊழியருக்கும் சம்பள வெட்டு வந்தது. பெரும்பாலோருக்குப் பத்து சதவீதம். ஆனால் பழைய விகிதத்தில் சம்பளம் வாங்கிய சாதாரண மாலுமிக்கு நாளொன்றுக்கு 4 ஷில்லிங் 3 ஷில்லிங்கானது. கால் பங்கு. ஸ்காட்லாந்தில் இன்வர்கார்டன் துறையில் நின்ற கப்பல்களில் மாலுமிகள் நங்கூரம் எடுக்க மறுத்தார்கள். இரண்டு நாள்தான். செய்தி பரவியதும் லண்டன் நிதிச் சந்தை ஆடிப்போனது. அந்த வாரத்துக்குள்ளேயே, செப்டம்பர் 21 அன்று, பவுனைத் தங்கத்தோடு கட்டிவைத்திருந்த தங்கத் தர முறையைப் பிரிட்டன் கைவிட்டது. வேறு காரணங்களும் முன்பிருந்தே குவிந்திருந்தன; ஆனால் மாலுமியின் ஒரு ஷில்லிங்கில் மிச்சம் பிடிக்கப் போய்ப் பவுனின் மதிப்பையே இறக்கியதாக முடிந்தது. பவுனோடு கட்டிவைத்திருந்த ரூபாயும் சேர்ந்து இறங்கியது.

நம் பக்கத்தில் 1946 பிப்ரவரி பம்பாய் எழுச்சி. ‘தல்வார்’ தளத்தில் தொடங்கி சுமார் 20,000 மாலுமிகள் வரை பரவியது. சோறு, நிறவெறி, சுதந்திர உணர்வு என்று பல காரணங்கள். போர் முடிந்து ஆளைக் குறைத்து வீட்டுக்கு அனுப்புகிறார்கள், போய் என்ன செய்வது என்ற அச்சமும் அவற்றில் ஒன்று.

எந்திரமும் ட்ரோனும் வந்த பிறகு இத்தனை ஆள் எதற்கு?

ஒட்டி அணியின் கூர்மையான கேள்வி. புதிய கப்பலுக்குப் பழைய கப்பலைவிட ஆள் குறைவாக வேண்டும் என்பது உண்மை. நம் நீலகிரி வகைக் கப்பல்களில் முந்தைய சிவாலிக் வகையைவிட ஆள் குறைவு. பழைய காலம்போலப் பீரங்கிக்கு இருபது பேர் நிற்பதில்லை. ஆனால் 2022 செப்டம்பரில் கொச்சியில் படையில் சேர்ந்த விக்ராந்துக்கு இன்றும் 1,600 பேர் வேண்டும்.

அமெரிக்கா இதில் துணிந்து இறங்கியது. கரையோரப் போர்க்கப்பல் என்ற வகையைச் சுமார் 40 பேர் ஓட்டலாம் என்று வடிவமைத்தார்கள். தாங்கவில்லை, 50 ஆக்கினார்கள். பழுதுபார்ப்பை ஒப்பந்தக்காரரிடம் விட்டார்கள், செலவு அங்கே ஏறியது. மற்றக் கப்பல்களிலும் ஆள் பற்றாமல் மாலுமிகள் வாரத்துக்கு 108 மணி நேரம்வரை வேலையில் இருந்ததாக அந்த நாட்டுத் தணிக்கை அமைப்பே சொன்னது. 2017 ஜூனில் ஜப்பான் அருகே ஃபிட்ஸ்ஜெரால்ட் ஒரு சரக்குக் கப்பலோடு மோதி 7 பேர் இறந்தார்கள். ஆகஸ்டில் சிங்கப்பூர் அருகே ஜான் மெக்கெயின் ஓர் எண்ணெய்க் கப்பலோடு மோதி 10 பேர். பயிற்சிக் குறைவும் தூக்கமின்மையும் விசாரணைகளில் திரும்பத் திரும்ப வந்தன.

உப்புக் காற்றில் இரும்பு சும்மா இருக்காது. இதை நம் ஊரில் சொல்ல வேண்டியதில்லை. அழகப்ப செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து 1948இல் நேரு அடிக்கல் நாட்டிய மத்திய மின்வேதியியல் ஆய்வகம் (செக்ரி என்றால்தான் ஊரில் தெரியும்) இரும்பு அரிப்பை ஆராய்வதற்குப் பெயர்பெற்றது. கடல் அரிப்பைச் சோதிக்க மண்டபத்தில் தனி நிலையமே வைத்திருக்கிறார்கள். துருவைச் சுரண்டி வண்ணம் அடிக்கிற வேலை, தீயணைக்கிற வேலை, உடைந்த குழாயை நடுக்கடலில் அடைக்கிற வேலை ஆகியவற்றுக்கு ஆள் வேண்டும். ட்ரோன் கப்பலைச் சுற்றிப் பறக்கும், கப்பலுக்குள் வந்து வாளி தூக்காது.

ஓய்வூதியம்தானே உண்மையான சுமை? அதைப் பேசலாமா?

பேசலாம், பேச வேண்டும். 2024–25 பாதுகாப்பு ஒதுக்கீட்டில் ஓய்வூதியத்துக்குச் சுமார் 1.41 லட்சம் கோடி, நூற்றுக்கு 23 ரூபாய்க்குக் கொஞ்சம் கீழே. சம்பளத்துக்கு 31 ரூபாயை ஒட்டி. மூலதனத்துக்கு 28. ஒட்டி அணி உறுதியாக ஊன்றி நிற்கக்கூடிய இடம் இது. ஆனால் இன்றைக்கு ஆளைக் குறைத்தால் இன்றைய ஓய்வூதியம் குறையாது. 1990களில் சேர்ந்தவர்களுக்குக் கொடுத்த வாக்கு அது. குறைப்பின் பலன் இருபது, முப்பது ஆண்டு கழித்துத்தான் தெரியும்.

2022 ஜூனில் வந்த அக்னிபத் திட்டம் இந்தக் கணக்கைப் பார்த்துத்தான் வந்தது என்பது என் எண்ணம். இளமையான படை வேண்டும் என்று அரசு சொன்ன காரணத்தையும் ஒதுக்கவில்லை. நான்கு ஆண்டுப் பணி, பிறகு நூற்றுக்கு 25 பேர்வரை நிரந்தரம், மற்றவர்களுக்குச் சேவா நிதி என்ற பெயரில் மொத்தமாகச் சுமார் 11.7 லட்சம் ரூபாய், ஓய்வூதியம் இல்லை. ஆள் எண்ணிக்கையைத் தொடாமல் ஆளின் நீண்டகாலச் செலவைத் தொட்டிருக்கிறார்கள். எனவே ‘ஆள்பலத்தைக் குறைக்கலாம்’ என்று பேசுகிறவர், இதற்கு மேலும் எதைக் குறைக்கச் சொல்கிறார் என்று தெளிவாகச் சொல்ல வேண்டும்.

ஏற்கெனவே காலியிடம் இருக்கிறதாமே?

ஆம். கடற்படையில் மாலுமிப் பணியிடங்கள் பத்தாயிரத்துக்கும் மேல் காலி என்று நாடாளுமன்றத்தில் அரசே பதில் சொல்லியிருக்கிறது. பத்தில் ஒருவரைக் குறைக்கும் சோதனை பேசாமலே நடந்துகொண்டிருக்கிறது எனலாம். யாருடைய வரி குறைந்தது என்று வெட்டி அணி கேட்கட்டும்.

இப்போது குறைத்துவிட்டு, வேண்டும்போது எடுத்துக்கொண்டால் என்ன?

கடல் கடந்து கடை வைத்திருந்த வீடுகளில் இதற்குப் பதில் இருக்கிறது. பெட்டியடிப் பையனாகச் சேர்ந்தவன் கணக்கு எழுதப் பழகி, அடுத்தாள் ஆகி, அதன் பிறகுதான் ஏஜெண்டாக மூன்றாண்டுக் கணக்குக்குக் கப்பலேறுவான். ஒரு மந்தமான ஆண்டில் பையன்களின் சம்பளம் மிச்சம் என்று நிறுத்தியிருந்தால், பத்து ஆண்டு கழித்துக் கடையை ஒப்படைக்க ஆள் இருந்திருக்காது. சந்தையில் போய் வாங்கிவரவும் முடியாது. கப்பலில் எந்திர அறையைத் தனியாகக் கவனிக்கிற மூத்த மாலுமியும் அப்படித்தான் உருவாகிறான். பயிற்சி நிலையத்தில் அடிப்படை கிடைக்கும், மீதி கடலில்.

பிரிட்டன் 2010இல் கடற்படையில் 5,000 பேரைக் குறைத்து 30,000 ஆக்குவதாக முடிவெடுத்தது. நான்கு ஆண்டுக்குள் எந்திரப் பொறியாளர் பற்றாமல் அமெரிக்கக் கடலோரக் காவல்படையிலிருந்து ஆளை இரவல் வாங்கியது. 2015இல் எண்ணிக்கையை மறுபடி கொஞ்சம் ஏற்ற முடிவு செய்தார்கள். போனவர்கள் திரும்பி வரவில்லை.

1942இல் நம் ஆட்கள் பர்மாவிலிருந்து நடந்து வந்தது கடற்படை இல்லாததால்தானே?

இந்தக் கேள்வியை எதிர்பார்த்தேன். பதில் பாதிதான் ஆம்.

1941 டிசம்பர் 23 அன்று ரங்கூனில் குண்டு விழுந்தது. 1942 மார்ச் 8 அன்று நகரம் வீழ்ந்தது. கப்பலில் இடம் கிடைத்தவர்கள் போக மற்றவர்கள் அரக்கான் வழியாகவும் மணிப்பூர் மலை வழியாகவும் நடந்தார்கள். நான்கைந்து லட்சம் இந்தியர்கள் பர்மாவை விட்டுக் கிளம்பியதாக மதிப்பிடுகிறார்கள். வழியில் இறந்தவர்கள் பல்லாயிரம். ஏப்ரலில் ஜப்பானியக் கப்பல்கள் வங்காள விரிகுடாவுக்குள்ளேயே வந்துவிட்டன. கொழும்பு, திருகோணமலை, விசாகப்பட்டினம், காக்கிநாடா எல்லாவற்றிலும் குண்டு. ஒரு சில நாளில் இருபதுக்கும் மேற்பட்ட சரக்குக் கப்பல்கள் மூழ்கின. பிரிட்டிஷ் கிழக்குக் கப்பற்படை ஆப்பிரிக்கக் கரைக்கு ஒதுங்கியது.

இதற்கு 1919இல் போட்ட ‘பத்தாண்டு விதி’ ஒரு காரணம். இன்னும் பத்து ஆண்டுக்குப் பெரிய போர் வராது என்று வைத்துக்கொண்டு படைச் செலவைத் திட்டமிடு என்றது அந்த விதி. 1928இல் நிதியமைச்சராக இருந்த சர்ச்சில், அந்தப் பத்து ஆண்டு ஒவ்வொரு நாளும் புதிதாகத் தொடங்கும்படி செய்துவிட்டார். 1932வரை அது நீடித்தது. வரி கட்டுகிறவரின் சுமையைக் காட்டித்தான் இதெல்லாம். ஆனால் பழியை ஆள்குறைப்பின்மேல் மட்டும் போட்டால் வரலாறு ஒத்துக்கொள்ளாது. 1941 டிசம்பர் 10 அன்று மலேயாக் கரையருகே பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ், ரிப்பல்ஸ் என்ற இரண்டு பெரும் கப்பல்களும் முழு ஆள்பலத்தோடுதான் மூழ்கின. மேலே விமானப் பாதுகாப்பு இல்லை.

ஜெர்மன் போர்க்கப்பல் எம்டனின் கதையும் ஒட்டி அணிக்கே உதவும் என்று சொன்னால் ஆச்சரியப்படுவீர்கள். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னையில் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டு, அக்டோபர் 28 அன்று பினாங்குத் துறைக்குள்ளேயே புகுந்து ஒரு ரஷ்யக் கப்பலையும், வெளியேறும்போது ஒரு பிரெஞ்சுக் கப்பலையும் மூழ்கடித்தது ஒற்றைக் கப்பல். அப்போது உலகிலேயே பெரிய கடற்படை பிரிட்டனுடையது. தலை எண்ணிக்கை மட்டும் காப்பாற்றாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இலங்கைக் கடற்படை நம் மீனவரைப் பிடிக்கிறதே, அதைப் பேசலாமா?

வேண்டாம். துயரம் உண்மை, ஆனால் அது எல்லையும் 1974, 1976 ஒப்பந்தங்களும் மீன்பிடி முறையும் சம்பந்தப்பட்டது. நம் கடற்படையில் ஆள் கூடினாலும் குறைந்தாலும் தீராது. தனித் தலைப்பாக இன்னொரு நாள் வைப்போம்.

கடற்படை வேலை வரி கட்டுகிறவருக்கு எதைத் திருப்பித் தருகிறது?

நாட்டின் வெளி வணிகத்தில் அளவில் சுமார் 95 சதவீதம் கடல் வழியாக நடக்கிறது. செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்டபோது கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போக, வாடகையும் காப்பீடும் ஏறின. அது பட்ஜெட்டில் வராத வரி. பலகாரத்துக்கு வாங்கும் எண்ணெய் விலையில் வரும். 2024 மார்ச்சில் கடற்கொள்ளையர் பிடியிலிருந்த ரூயன் கப்பலைக் கொல்கத்தா போர்க்கப்பல் மீட்டது. 35 கொள்ளையர் சரணடைந்தார்கள், 17 மாலுமிகள் உயிரோடு திரும்பினார்கள். 2020இல் கொரோனாக் காலத்தில் கொழும்பிலும் மாலத்தீவிலும் சிக்கியவர்களை ஜலஷ்வா கப்பல் தூத்துக்குடிக்குக் கொண்டுவந்து சேர்த்தது. இதற்கெல்லாம் ரூபாய்க் கணக்குப் போடுவது கடினம் என்பதால் போடாமல் விட்டுவிடக் கூடாது. வெட்டி அணி முயலட்டும்.

அப்படியானால் ஒட்டி அணிக்கு வாதமே மிச்சமில்லையா?

இருக்கிறது. ‘கடற்படையைச் சுருக்கு’ என்று பேசாமல், ‘கரையில் இருக்கும் பதவிகளைச் சுருக்கு’ என்று பேசட்டும். கிடங்கு, அலுவலகம், எடுபிடி வேலை போன்றவற்றில் சீருடை ஆள் எதற்கு என்று கேட்கட்டும். படைச் செலவைச் சீராக்க அரசு அமைத்த சேகட்கர் குழு தரைப்படையில் இந்த வழியைக் காட்டியது. அதன் பரிந்துரைப்படி 2017இல் சுமார் 57,000 பேரைப் போர்ப் பணிகளுக்கு மாற்றுவதாக அரசு அறிவித்தது. ஆளை வெளியே அனுப்பவில்லை, இடம் மாற்றினார்கள். ஜோசப் ஹியூமைப்போல ஒவ்வோர் இனமாகக் கேட்டால் நான் உட்கார்ந்து கேட்பேன். வரி குறையும் என்ற வாக்குறுதியை மட்டும் கொடுக்க வேண்டாம். மேலே போட்ட கணக்கு அதைத் தாங்காது.

ராஜேந்திர சோழனின் கடாரப் படையெடுப்பைச் சொல்லலாமா?

1025. எல்லோருக்கும் தெரியும். அதில் வரிக்கணக்கு ஏதாவது சொல்ல முடிந்தால் சொல்லுங்கள். இல்லையென்றால் மணி அடிப்பேன்.

என் பேரன் நேவியில் சேர ஆசைப்படுகிறான். ஆளைக் குறைத்துவிடுவார்கள் என்றால் சேர்க்கலாமா? (கோவிலூர்ப் பக்கத்து ஆச்சி ஒருவர் கேட்டது)

ஆச்சி, குறைப்பதாக அரசு எதுவும் அறிவிக்கவில்லை. இது நம் மன்றத்துப் பேச்சு மட்டும்தான். வயது பதினேழரையிலிருந்து 21க்குள் இருக்க வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பில் கணிதமும் இயற்பியலும் படித்திருந்தால் ஒரு பிரிவு, பத்தாம் வகுப்பு மட்டும் என்றால் இன்னொரு பிரிவு. விண்ணப்பம் கடற்படையின் இணையதளத்தில் மட்டுமே. நடுவில் ஆள் வைத்துப் பணம் கேட்கிறவர் யாராக இருந்தாலும் வாசலோடு அனுப்பிவிடுங்கள். தேர்வானால் ஒடிசாவில் சிலிகா தளத்தில் பயிற்சி. முதல் ஆண்டு மாதம் 30,000 ரூபாய். அதில் ஒரு பகுதியைச் சேவா நிதிக்குப் பிடித்துக்கொள்வார்கள். நான்கு ஆண்டு கழித்து நால்வரில் ஒருவரைத்தான் வைத்துக்கொள்வார்கள். மற்ற மூவரில் ஒருவனாக வந்தாலும் அப்போது வயது 25ஐத் தாண்டியிருக்காது, கையில் பணம் இருக்கும். அதை வைத்து என்ன செய்வான் என்பதை அவன் அப்பச்சியோடு இப்போதே உட்கார்ந்து பேசிவிடச் சொல்லுங்கள்.